உப்பில் செய்த பனிமனிதன்

"அம்மா, பொம்மை மூச்சா போயிட்டு!"

காலை ஆறேகால் மணிக்கு இதைச் சொன்னபோது என் மகன் ஆதியின் முகத்தில் அப்படியொரு ஆனந்தம். அவனுக்கு அப்போது மூன்று வயது. டயப்பரை விட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இந்த வீட்டில் இருந்த இடத்தை நனைக்கிறவன் தான் ஒருவன்தான் என்ற அவமானத்தில் இருந்தவனுக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான்.

கூட்டாளி கூடத்து மூலையில் ஒரு அன்னக்கூடைக்குள் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் மாலை என் முழங்கால் உயரத்துக்கு இருந்த பனிமனிதன். இப்போது கழுத்தைக் காணோம். புளியங்கொட்டையில் வைத்த கண்களில் ஒன்று கன்னத்துக்கு இறங்கியிருந்தது. கேரட் மூக்கு தரையைப் பார்த்தது. அவனைச் சுற்றி இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர்.

இன்னும் மூன்று மணி நேரத்தில் அவன் என் மகளோடு பள்ளிக்கூட மேடையில் நிற்க வேண்டும்.

என் கணவர் சுந்தர் பல் துலக்கியபடியே வந்து பார்த்தார். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் அவருக்கு வேலை. எதையும் சரக்காகப் பார்க்கும் கண் அவருக்கு.

"ஏளா, இது டேமேஜ் கார்கோ," என்றார் நுரையோடு. "எவனும் டெலிவரி எடுக்க மாட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் மூன்று வாரம் பின்னால் போக வேண்டும்.

மின்விசிறி மூன்றில்

தூத்துக்குடிக்குக் குளிர்காலம் உண்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உண்டு. மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கினால் குளிர்காலம். இரண்டுக்கு இறக்கினால் கடுங்குளிர். நிறுத்திவிட்டால் யாருக்கோ காய்ச்சல்.

ஐப்பசி பிறந்ததும் மழை. உப்பளங்களில் வேலை நின்றுபோகும். குவித்த உப்பெல்லாம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வரிசையாகப் படுத்துவிடும். காப்பி குடித்துக்கொண்டே சுந்தர், துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்வார். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். ஒன்றாம் எண் என்றால் பிள்ளைகளுக்குத் தலைக்குக் குளிப்பு இல்லை. மூன்று என்றால் தயிர், வாழைப்பழம் இரண்டும் இல்லை. கப்பல்களுக்கு விடும் எச்சரிக்கையைச் சளிக்குப் பயன்படுத்துவது சரியா என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் அதை நம்பி நடந்த வரையில் எங்கள் வீட்டில் எதுவும் மூழ்கவில்லை.

என்னைப் பற்றி ஏற்கெனவே இந்தத் தொடரில் போதுமான அளவு சொல்லிவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: வேதியியலில் முதுகலை, இரண்டு பிள்ளைகள், எதைச் செய்தாலும் செய்த பிறகு 'வேறு மாதிரி செய்திருக்கலாமோ' என்று யோசிப்பது முழுநேர வேலை.

கை தூக்கும் பிள்ளை

அந்த டிசம்பரில்தான் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு 'வின்டர் டே'. ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டு வர வேண்டும். குளிர்காலத்தைக் காட்டும் பொருள் ஒன்றை வீட்டில் செய்து எடுத்து வர வேண்டும். அதைக் காட்டி மேடையில் நான்கு வரி ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

ஸ்வெட்டருக்காகக் கடைத்தெருவில் ஏறி இறங்கினேன்.

"ஊட்டிக்குப் போறியளா?" என்று கேட்டார் ஒரு கடைக்காரர்.

"இல்ல அண்ணாச்சி. ஸ்கூலுக்கு."

"ஸ்கூலு ஊட்டியிலயா?"

"இங்கனதான். மேல ரோட்டுல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. பரணிலிருந்து ஒன்றை இறக்கித் தட்டிக் கொடுத்தார். இனியாவையும் ஆதியையும் சேர்த்து உள்ளே விட்டாலும் இடம் மிஞ்சும்.

இனியா என் மகள். ஐந்து வயது. வீட்டில் அவள் பேச்சை நிறுத்த வேண்டுமென்றால் வாயில் எதையாவது வைக்க வேண்டும். ஆனால் பள்ளியில் ஜூன் மாதம் தொடங்கி டிசம்பர் வரை ஒரு சொல், ஒரே ஒரு சொல் பேசவில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாளாம். பாடம் எழுதுவாள், விளையாடுவாள், சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்வாள். வாய் மட்டும் திறக்காது.

அவளுடைய வகுப்பாசிரியை ஜெனிபர் மிஸ் நல்லவர். அதனால்தான் அவர் சொன்னது என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

"வின்டர் டேல ஒரு வரியாவது பேசட்டும் மேடம். இல்லன்னா ஜனவரியில ஒரு டாக்டர்ட்ட காட்டி லெட்டர் வாங்கிட்டு வாங்க. அத வச்சுத்தான் ஒண்ணாங் கிளாசுக்கு அனுப்பறத நாங்க முடிவு பண்ண முடியும்."

சரி மிஸ், சரி மிஸ் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்ததும் செல்போனில் தேடத் தொடங்கினேன். தேடினால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாம் பக்கத்துக்குள் எல்லா வியாதியும் எல்லாப் பழியும் வந்துவிட்டன. நான் அதிகம் பேசி அவளுக்கு இடம் கொடுக்கவில்லையோ? குறைவாகப் பேசி ஏங்க வைத்துவிட்டேனோ? தம்பி பிறந்ததும் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லையோ?

"உனக்கு மேடைன்னா எப்படி?" என்று கேட்டார் சுந்தர்.

இதற்குப் பதில் சொல்லக் கயத்தாறுக்குப் போக வேண்டும். நான் பிறந்த ஊர். அந்த ஊரில் மாறுவேடப் போட்டி என்றால் எந்த வேடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது முறுக்கு மீசை மேடையேறும். ஒன்றாம் வகுப்பில் எனக்கும் கண்மையால் மீசை வரைந்து, அட்டைக் கத்தி கொடுத்து ஏற்றிவிட்டார்கள். எனக்கு முன்னால் பதினாறு பேர் வெள்ளைக்காரனைத் திட்டி முடித்திருந்தார்கள். திட்டுவதற்கு இனி என்ன பாக்கி இருக்கிறது என்று திகைத்து நின்று, கத்தியை டீச்சரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

"அப்ப நம்ம பிள்ளைக்கு டாக்டர் வேண்டாம்," என்றார் சுந்தர். "உங்க ஊருல வெள்ளைக்காரன்ட்ட சரணடைஞ்ச ஒரே ஆளு நீதான். ரத்தம் அப்படி."

நான் தலையணையை வீசினேன். அது அவரைத் தாண்டிப் போய் ஆதி மேல் விழுந்தது. ஆதி அழுதான். அவனைச் சமாதானப்படுத்துவதில் பேச்சு மாறிவிட்டது.

எங்கன விழுது?

நான்கு வரியையும் நானே எழுதினேன். குளிர்காலம் குளிராக இருக்கும், நாங்கள் ஸ்வெட்டர் அணிவோம், பனி விழும், எனக்குக் குளிர்காலம் பிடிக்கும். ஆங்கிலத்தில் சொன்னால் இன்னும் சிறியவை.

முதல் இரண்டு வரியை இனியா மணி மணியாகச் சொன்னாள். மூன்றாவதில் நின்றாள்.

"ஸ்நோ ஃபால்ஸ்," என்றேன்.

"எங்கன விழுது?"

"விழும்மா. குளிருற ஊருல."

"நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்பா?"

"அப்பாவும் இல்ல."

"பெறவு யாரு பாத்தா?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு."

"பாக்காதத எப்படிம்மா சொல்ல?" என்றாள். பிடிவாதமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அல்லது வேலை செய்வதுபோல் நடித்தது. பிள்ளைக்கு ஒரு பனிமனிதனைக் கண்ணால் காட்டிவிட்டால் பேசிவிடுவாள். பனிக்கு எங்கே போவது? தூத்துக்குடியில் வெள்ளையாய், குவித்து வைக்கிறதாய் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

எங்கள் வீட்டுக்காரர், அதாவது வாடகைக்கு விட்டவர், கீழ்த்தளத்தில் இருக்கும் முத்துராஜ் அண்ணாச்சி. அவருக்குச் சொந்தத்தில் சிறிய உப்பளம் உண்டு. மழை மாதங்களில் வீட்டில்தான் இருப்பார். படியிறங்கிப் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒரு பத்துக் கிலோ கல்லுப்பு வேணும்."

"என்னத்துக்கு? கருவாடு போடப் போறியா?"

"இனியா ஸ்கூலுக்கு."

"யு.கே.ஜி.க்குப் பத்துக் கிலோவா?" என்றார். "அப்ப எட்டாங் கிளாசுக்கு என் அளத்தையே எழுதி வாங்கிருவாவளோ?"

சொல்லிவிட்டுப் பதினைந்து கிலோவாகவே அளந்து, தானே சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். கேலி செய்கிறவர்கள்தான் எங்கள் ஊரில் உதவியும் செய்வார்கள். ஒன்றில்லாமல் மற்றது கிடைக்காது.

முதுகலைப் பட்டதாரியின் சிற்பம்

உருவம் செய்ய இரண்டு பாத்திரம். கீழ் உருண்டைக்குச் சோறு வடிக்கிற பானை, தலைக்குக் குழம்புச் சட்டி. ஈர உப்பை உள்ளே அடைத்து, தட்டி, கவிழ்த்தேன். நிற்கவில்லை. அப்புறம் படிப்பு கைகொடுத்தது. இனிமேல் கரையாது என்கிற அளவுக்குத் தண்ணீரில் உப்பைப் போட்டுக் காய்ச்சி, அந்தக் கொதிநீரை மேலே தெளித்தால் உலரும்போது இறுகிக்கொள்ளும். செய்தேன். இறுகியது. பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த பட்டத்துக்கு அன்றுதான் முதன்முதலாக நியாயம் செய்தேன் என்று நினைத்தேன்.

இனியா சுற்றிச் சுற்றி வந்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"பனி எப்படி இருக்கு?" என்றேன்.

"இது அண்ணாச்சி உப்பு."

"சும்மா வெளாட்டுக்குப் பனின்னு வச்சுக்கலாம்."

"சரி," என்றாள் பெரிய மனதோடு. "உனக்காண்டி வச்சுக்கிடுதேன்."

மூன்றாம் வரியையும் சொன்னாள். நான்காம் வரியையும் சொன்னாள். ஆதி கேரட்டைக் கடித்துவிட்டதால் வேறு மூக்கு வைத்தோம். அந்த மாலை எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

இரவெல்லாம் தூறல். காலையில் நீங்கள் ஏற்கெனவே பார்த்த காட்சி.

அண்ணாச்சியை அழைத்துவர சுந்தர் போனார். அண்ணாச்சி வந்தார், பார்த்தார், சிரித்தார், நிறுத்தினார், மறுபடி சிரித்தார்.

"ஏளா, எம்.எஸ்.சி.தான படிச்சிருக்க? மாரிக்கு நாங்க உப்ப மூடிப் போடுதோமே, எதுக்குன்னு நெனச்ச? உப்புக்கு வெக்கமா இருக்கும்னா?"

மக்னீசியம் குளோரைடு. அளத்து உப்பில் அது கலந்திருக்கும், அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், குடித்துத் தண்ணீராய் நிற்கும். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். பத்தும் கிடைத்தது.

"இப்ப என்ன அண்ணாச்சி செய்ய?"

"தள்ளு," என்றார். தண்ணீரை வடித்தார். கீழேயிருந்து இன்னொரு சிப்பம் காய்ந்த உப்பு கொண்டுவரச் சொன்னார். இரண்டு உள்ளங்கையாலும் தட்டித் தட்டி ஏற்றினார். நாற்பது வருடம் உப்புக் குவித்த கை. ஐந்தே நிமிடம். ஆனால் அந்தக் கைக்கு ஒரே உருவம்தான் தெரியும். அடி அகன்று நுனி கூம்பிய அம்பாரம், அளத்து ஓரத்தில் நிற்பது போலவே. தலை இல்லை, கழுத்து இல்லை. அதில் புளியங்கொட்டைக் கண் இரண்டையும் கேரட்டையும் நான் வைத்தேன். மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, கயிற்றால் நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார் அண்ணாச்சி.

"இனி புயலே வந்தாலும் ஒண்ணும் ஆவாது," என்றார்.

போர்வைக்கு வெளியே மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

மேடை

பள்ளி அரங்குக்குள் நுழைந்தோம். சுவர் ஓரமாக இருபத்தைந்து பனிமனிதர்கள். எல்லோரும் வெள்ளை வெளேரென்று, கொழுகொழுவென்று, காய்ந்து இருந்தார்கள். எல்லோரும் பஞ்சு.

பஞ்சு! மெடிக்கலில் கிடைக்கிற பஞ்சு. ஊரிலுள்ள அத்தனை அம்மாக்களுக்கும் தோன்றியது எனக்குத் தோன்றவே இல்லை. அதிலும் ஒரு பனிமனிதன் கழுத்தில் கம்பளி நூலால் பின்னிய சால்வை. அதைச் செய்த அம்மா என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கசங்காத பருத்திப் புடவை, வியர்க்காத முகம். பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் குறிப்பேடு எடுத்து வருகிறவர். பெயர் தெரியாது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் கைப்பையின் ஜிப் வேலை செய்யாதது எனக்கு ஞாபகம் வரும்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக நான்கு வரியைச் சொல்லி இறங்கினார்கள். ஸ்வெட்டருக்குள் எல்லோரும் வேர்த்து வழிந்தார்கள். இனியாவின் முறை வந்தது. சுந்தர் அன்னக்கூடையைத் தூக்கிப் போய் மேடையில் வைத்துவிட்டு வந்தார். முழங்கால் வரை தொங்கும் ஸ்வெட்டரில் இனியா மைக் முன்னால் நின்றாள்.

பேசவில்லை.

நான் உதட்டை அசைத்து அசைத்துக் காட்டினேன். வின்டர் இஸ். வின்டர் இஸ். அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. ஜனவரி, டாக்டர், கடிதம் எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

ஜெனிபர் மிஸ் உதவிக்கு வந்தார். "இனியா, வாட் இஸ் திஸ்?" என்று அன்னக்கூடையைக் காட்டினார். இனியாவும் அன்னக்கூடையைப் பார்த்தாள். அவர் குனிந்து, கயிற்றைப் பார்த்து, பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தார். அந்த இரண்டு புளியங்கொட்டைகளும் அவரைப் பார்த்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் டீச்சர்தனம் போயிருந்தது.

"நெஜமாவே கேக்கறேன். என்னதும்மா இது?"

இனியா ஆச்சரியத்தோடு அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"மிஸ்ஸுக்குத் தெரியாதா?"

மைக்கில் வந்த முதல் சொற்கள். சுந்தர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தெரியலையே."

"உப்பு மிஸ். மொதல்ல மனுசனாத்தான் இருந்தாரு. மழைக்குக் கரைஞ்சிட்டாரு. அண்ணாச்சி வந்து அம்பாரமா ஆக்கிட்டாவ. இங்கன ஸ்நோ விழாது மிஸ். மழதான் பெய்யும்."

ஆறு மாதமாக அவளிடம் ஆப்பிளைக் காட்டி இது என்ன, பூனையைக் காட்டி இது என்ன என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. தெரியாமல் ஒருவர் கேட்டது அன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. மூச்சு விட்டால் கலைந்துவிடும்போல் இருந்தது.

மிஸ்ஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப மழைக்காலத்துல உங்க வீட்டுல என்ன செய்வீங்க?"

வேண்டாம் மிஸ், இறக்கி விடுங்கள் என்று நான் மனத்துக்குள் சொன்னேன்.

"அப்பா கூண்டு நம்பரு சொல்லுவாவ. மூணுன்னா தயிர் கெடையாது. அம்மா எங்க கழுத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே இருப்பா, காய்ச்ச அடிக்கான்னு. தெர்மாமீட்டர் வச்சும் நம்ப மாட்டா. திரும்ப வைப்பா. ஆதி கையில சாக்ஸு போட்டுட்டுத் தூங்குவான். பெறவு அம்மா பாத்ரூமுக்குப் போயி பைப்பத் தொறந்து விட்டுட்டு அழுவா. கேட்டா கண்ணுல சோப்பு பட்டுட்டும்பா."

சுந்தர் என் மணிக்கட்டை விட்டுவிட்டார்.

"நான் யார்ட்டயும் சொல்லல மிஸ்," என்றாள் இனியா, மைக்கில், எல்லோருக்கும் கேட்க. "தாங்க்யூ."

முதலில் யார் கை தட்டினார்கள் என்று தெரியவில்லை. நான் தட்டவில்லை. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கமும் இன்னொன்று இன்னொரு பக்கமும் இழுத்தன. கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அழுததும் சோப்பும் இருக்கட்டும், பிள்ளை பேசிவிட்டாள். பேசியதும் அளவோடு பேசவில்லை, வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொட்டிவிட்டாள்.

ஜெனிபர் மிஸ் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். "டாக்டர் லெட்டரெல்லாம் வேண்டாம் மேடம்," என்றார். அடுத்து என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இனியா மேடையிலேயே நின்று, இறங்கச் சொன்ன பிள்ளைகளிடம் உப்பைத் தொட்டு நக்கிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுந்தர் அவளை இறக்கிவரப் போனார்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர், அந்தச் சால்வை பின்னிய அம்மா, என் பக்கமாகச் சாய்ந்தார். குறிப்பேட்டை மார்போடு அணைத்திருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பாத்ரூம் சரிப்படாது," என்றார். "பிள்ளைக கதவுகிட்டயே வந்து நிக்கும். நான் மொட்ட மாடிக்குத்தான் போவேன், துணி காஞ்சிட்டான்னு பாக்கப் போறேன்னு சொல்லிட்டு."

நான் அவரைப் பார்த்தேன்.

"மழைக்காலத்துல அது ரொம்ப வசதி," என்றார் அவர். "எத்தன தடவ போனாலும் காஞ்சிருக்காது."